மலை ஜீப்பின் புகை: ஒரு சின்ன வரலாறு

போடிமெட்டு வழியா மூணாறு போனவங்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. முன்னால ஒரு பழைய ஜீப் திணறித் திணறி ஏறும். ஒவ்வொரு வளைவுலயும் டிரைவர் கியரைக் குறைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது, அடுப்பங்கரைக் கூரையில படிஞ்ச கரி மாதிரி ஒரு கருப்புப் புகை. நீங்க கார் கண்ணாடியை ஏத்திவிட்டு, "பழைய வண்டி, அதான் புகை விடுது"ன்னு சொல்லிட்டு முந்திப் போயிருவீங்க.

இந்தப் பேச்சு பாதிதான் சரி. வயசான இன்ஜின் தேயும், தேஞ்சா புகை வரும், வாஸ்தவம். ஆனா ஏத்தத்துல வர்ற கரும்புகை பெரும்பாலும் வயசோட புகை இல்ல, ஒரு கணக்கு தப்பினதோட புகை. எவ்வளவு காத்துக்கு எவ்வளவு டீசல்ங்கிற கணக்கு. அது எப்போ, எதுக்காகத் தப்புச்சுங்கிறதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. அது தெரியாம பட்டறையில எவ்வளவு காசைக் கொட்டினாலும் புகை திரும்ப வந்துரும். கிணத்து மேட்டுலயும் டிராக்டர்லயும் டீசல் இன்ஜினோடவே காலம் தள்ளுன சம்சாரிங்கிற முறையில, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதை எழுதிப் பார்க்குறேன்.

முதல்ல வந்தது பெட்ரோல் ஜீப்

ஜீப் பிறந்தது சண்டைக்காக. இரண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல செஞ்சு கொடுத்தாங்க. நாலு சக்கரமும் இழுக்கும். உள்ளே இருந்தது சுமார் 2,200 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரை சக்தி. போர் முடிஞ்சதும் மிச்சமான வண்டிகளை ராணுவம் ஏலம் விட்டுச்சு. அதைத்தான் நம்ம பெரியவங்க 'டிஸ்போசல் வண்டி'ம்பாங்க.

அதே காலத்துல, 1945ல, லூதியானாவுல ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து இரும்பு வியாபாரக் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பேரு மகிந்திரா அண்ட் முகமது. பிரிவினை வந்துச்சு. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டோட முதல் நிதியமைச்சர் ஆனார். இங்க கம்பெனி பேரு 1948ல மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆச்சு. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்கி பம்பாயில பூட்டுற வேலையை 1940களோட கடைசியிலேயே கையில எடுத்துட்டாங்க. அப்புறம் சிஜே 3பி, அதாவது பானெட் உசந்து நிக்குற மாடல் வந்துச்சு. அமெரிக்காவுல நிறுத்தின பிறகும் நம்ம நாட்டுல அது பல வருஷம் ஓடுச்சு.

மலைத் தோட்டத்துக்கு ஜீப் எவ்வளவு தேவைன்னு கம்பம் பள்ளத்தாக்குல இருக்குறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏலக்காய்த் தோட்டமெல்லாம் கேரளப் பக்கம், இடுக்கி மலை மேல. வேலைக்குப் போற சனங்க கீழே, தேனி மாவட்டத்துல. போடியில இருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தம்பாறை. கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம். லோயர்கேம்ப் வழியா குமுளி. மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள்ள திரும்புனா கல்லும் சகதியுமான பாதை. பஸ்ஸும் காரும் அங்கே நுழைய முடியாது.

பெட்ரோல் ஜீப்புல புகைங்கிற பேச்சே கம்மி. ஆனா ஏத்தத்துல பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கும். எஸ்டேட் முதலாளிக்கு அது கட்டுபடியாச்சு. நாலு பேரை ஏத்தி வாடகைக்கு ஓட்டுறவனுக்குக் கட்டுபடியாகல. 1973ல உலகமெங்கும் எண்ணெய் விலை எகிறுனதும் எல்லாரும் டீசலைத் தேட ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டுல லாரி, பஸ், ரயில், பம்புசெட் எல்லாத்துக்கும் வேணுங்கிறதால டீசல் விலையை அரசாங்கம் ரொம்பக் காலம் தாழ்த்தியே வச்சிருந்துச்சு. 2014 அக்டோபர்லதான் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டாங்க. ஆக, 40 வருஷம் போல ஜீப்புக்காரன் டீசல் பக்கம் சாஞ்சதுக்குக் காரணம் இன்ஜின் மேல இருந்த ஆசை இல்ல, பங்க்ல இருந்த விலைப் பலகை.

டீசல் இன்ஜினோட பிறவிக் குணம்

புகையைப் புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பின்னால போகணும். ருடால்ஃப் டீசல்ங்கிற ஜெர்மன்காரர் 1897ல ஆக்ஸ்பர்க் நகரத்துல தன் இன்ஜினை வெற்றிகரமா ஓட்டிக் காட்டினார். எண்ணெயில இருந்த சூட்டுல நாலுல ஒரு பங்கை அது வேலையா மாத்துச்சு. அந்தக் காலத்து நீராவி இன்ஜினால நினைச்சுப் பார்க்க முடியாத கணக்கு. 1900ல பாரிஸ் கண்காட்சியில அவரோட இன்ஜின் வகையில ஒண்ணைக் கடலெண்ணெய் ஊத்தி ஓட்டியிருக்காங்க. நம்ம மானாவாரிக் கடலைக்காட்டு சம்சாரிக்கு இதைக் கேட்டா ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும்.

இந்த இன்ஜின்ல தீப்பொறி பிளக் கிடையாது. காத்தை மட்டும் உள்ளே இழுத்து, 20 பங்கை ஒரு பங்கா அமுக்கும். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடுதுல்ல, அதே சமாச்சாரம்தான். இங்க சூடு 500 டிகிரிக்கு மேல போயிரும். அந்தச் சூட்டுல எண்ணெயைப் பீச்சினா தானாப் பத்திக்கும்.

சொல்றதுக்கு சுலபம். ஆனா எண்ணெய் காத்தோட கலந்து எரியறதுக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் கம்மி. 3,000 சுத்துல ஓடுற இன்ஜின்ல ஒரு சுத்துக்கே ஒரு விநாடியில 50ல ஒரு பங்கு நேரம்தான். எரிய வேண்டியது அந்தச் சுத்துல ஒரு சின்னத் துண்டுக்குள்ள எரிஞ்சு முடியணும். மிச்சம் நின்னா அது கரி. அந்தக் கரிதான் கரும்புகை. டீசல் இன்ஜினுக்கும் புகைக்கும் உள்ள சொந்தம் பிறப்புலயே வந்தது.

டீசல் காலத்துல எண்ணெயை உள்ளே தள்ள, காத்தை அமுக்கித் தர்ற தனி கம்ப்ரசரே தேவைப்பட்டுச்சு. அதனால இன்ஜின் ஒரு வீடு அளவுக்கு இருந்துச்சு. ராபர்ட் பாஷ் கம்பெனி 1927ல எண்ணெயையே அளந்து அழுத்தித் தர்ற பம்பை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகுதான் டீசல் இன்ஜின் லாரிக்கும் காருக்கும் பரவலா வந்துச்சு. ஜீப்போட புகைக் கதையில இந்தப் பம்புதான் முக்கியப் புள்ளி. எவ்வளவு டீசல்ங்கிறதை முடிவு பண்றது இதுதான்.

டிராக்டர் இன்ஜினும் பிரெஞ்சு இன்ஜினும்

மகிந்திரா 1963ல அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனிகூடச் சேர்ந்து டிராக்டர் செய்ய இறங்குச்சு. அதுல வந்ததுதான் பி-275. ஊர்ல இன்னிக்கும் 'இன்டர்நேஷனல்'னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. 1970கள்ல அந்த டிராக்டர் வகை டீசல் இன்ஜினையே ஜீப்புலயும் வச்சாங்க. கனமான இன்ஜின், மெதுவாச் சுத்தும், சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆனா இழுவை இருந்துச்சு, டீசலும் சிக்கனம். வாடகை ஜீப் ஓட்டிப் பிழைக்கலாம்ங்கிற நிலைமை அப்போதான் வந்துச்சு.

அடுத்து 1979ல பிரான்ஸ் நாட்டு பீஜோ கம்பெனிகிட்ட இருந்து எக்ஸ்டிபி 4.90ங்கிற டீசல் இன்ஜினைச் செய்ய உரிமம் வாங்கினாங்க. 2,112 சிசி, 62 குதிரை சக்தி. 1980களோட நடுவுல வந்த எம்எம் 540 ஜீப்புல இருந்தது இதுதான். ராணுவத்துல, போலீஸ்ல, வனத்துறையில, தாசில்தார் ஆபீஸ்லன்னு எங்கே பார்த்தாலும் அதுதான் நின்னுச்சு. அரசாங்கம் கழிச்சு ஏலம் விட்ட வண்டி கடைசியா வந்து சேர்ந்த இடம் மலையடிவாரம்.

இந்த பீஜோ இன்ஜின்ல ஹெட்டுக்குள்ள சின்னதா ஒரு உருண்டை அறை உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது காத்து அதுக்குள்ள சுழிச்சுப் போகும். அந்தச் சுழிக்குள்ளதான் நாசில் டீசலைப் பீச்சும். ஆத்துச் சுழியில விழுந்த சருகு மாதிரி எண்ணெய் காத்தோட நல்லாக் கலந்துரும். சத்தம் கம்மி. கணக்குப்படி ஓட்டுனா புகையும் கம்மி. ஒரு குறை, அந்த அறையோட சுவர்ல சூடு கொஞ்சம் போயிரும். அதனால காலையில குளிர்ல ஹீட்டர் பிளக் போட்டுக் காத்திருந்துதான் செல்ஃப் அடிக்கணும்.

1990கள்ல 2,523 சிசி டிஐ இன்ஜின் கமாண்டர் மாதிரி வண்டிகள்ல வந்துச்சு. இதுல தனி அறை கிடையாது, பிஸ்டன் தலையில இருக்குற குழிக்குள்ளேயே நேரா டீசலைப் பீச்சும். மைலேஜ் கூடுதல். ஆனா நாசில்ல இருக்குறது ரொம்பச் சன்னமான ஓட்டைங்க. ஒண்ணு அடைச்சாலோ தேஞ்சாலோ டீசல் தூளாகாம சொட்டு சொட்டா விழும், புகை உடனே காட்டிக்கொடுத்துரும்.

முக்கியமான விஷயம், இந்த இன்ஜின் எதுலயும் டர்போ கிடையாது. தன் மூச்சுக்கு எவ்வளவு காத்து கிடைக்குதோ அவ்வளவுதான்.

கால் சுத்து ஏத்தி விட்ட கதை

கணக்கு தப்புன இடம் இனிமேதான் வருது.

ஒரு கிலோ டீசல் முழுசா எரிய ஏறக்குறைய 14½ கிலோ காத்து வேணும். அது ஏட்டுக் கணக்கு. கலக்குறதுக்கு நேரம் பத்தாததால நடைமுறையில 18, 20 கிலோ காத்து இருந்தாத்தான் புகையில்லாம எரியும். அந்த 2,112 சிசி இன்ஜின் 3,000 சுத்துல ஓடுனா நிமிஷத்துக்கு அதிகபட்சம் 3,100 லிட்டர் சொச்சம் காத்து உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா கூடுறது டீசல் மட்டும்தான், காத்து கூடாது. அதனால கம்பெனியில ஒரு உச்ச அளவு வச்சு, இதுக்கு மேல பம்பு டீசல் தரக்கூடாதுன்னு ஒரு ஸ்க்ரூவைத் திருகி, கம்பியும் ஈயமும் வச்சு சீல் போட்டு அனுப்பினாங்க.

மலைக்கு வருவோம். போடி ஊரு கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,200 அடி. போடிமெட்டு 4,500 அடி பக்கம். ஏற ஏற காத்து மெலிசாகும். கீழே இழுத்த காத்துல மேலே பத்துல ஒரு பங்கு போல குறைஞ்சிரும். பம்புக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அதே டீசலைத்தான் மேலேயும் கொடுக்கும். ஆக, எந்தத் தப்பும் செய்யாத ஜீப்பே மேலே போனதும் கொஞ்சம் புகையத்தான் செய்யும்.

அதுக்கு மேல பாரம். ஆர்.சி. புத்தகத்துல எழுதியிருக்குற ஆள் கணக்கு ஒண்ணு, விடிகாலையில மலையேறுற ஜீப்புல உட்கார்ந்திருக்குற ஆள் கணக்கு ஒண்ணு. பின்னால எதிரெதிரே ரெண்டு பலகை, நடுவுல குத்தவச்சு நாலு பேரு, பின்படியில தொங்கிக்கிட்டு ரெண்டு பேரு, மடியில தூக்குவாளியும் பையும். தோட்டத்துல தர்ற வண்டி வாடகை ஆளுக்கு இவ்வளவுன்னு வரும்போது, ஆளைக் குறைச்சா டிரைவருக்குத் தவணை கட்ட முடியாது. ஆளைக் கூட்டினா வண்டி ஏறாது.

அப்போ டிரைவர் பம்பு கடைக்குப் போவார்.

"அண்ணே, ஏத்தத்துல இழுவை பத்தலண்ணே. ரெண்டாவது கியர்லயே உறுமுது."

"கால் சுத்து ஏத்தி விடுறேன் தம்பி. புகை கொஞ்சம் வரும், பரவாயில்லையா?"

"புகை வந்தா வரட்டும்ண்ணே, ஏறுனாப் போதும்."

ஈய சீல் உடைஞ்சது அன்னிக்குத்தான். சில பம்புல அந்த ஸ்க்ரூ வெளியிலயே இருக்கும், சில பம்புல மூடியைத் திறந்து உள்ளே ஏத்தணும். எப்படின்னாலும் விஷயம் ஒண்ணுதான். டீசல் கூடுச்சு, காத்து கூடல. முதல்ல இழுவை கொஞ்சம் கிடைக்கும், பொய்யில்ல. அதுக்கப்புறம் ஊத்துற டீசல் வேலை செய்யாது, கரியாத்தான் போகும். அந்தக் கரி சைலன்சர் வழியா வெளியே போறதோட நிக்காது. ரிங்குக்குள்ள போய் உட்காரும், ஆயிலைக் கருப்பாக்கும், பிஸ்டன் சூடு ஏறும், ஹெட் விரிசல் விடும். மூணு வருஷம் கழிச்சு அதே வண்டி நீலப் புகையும் சேர்த்து விடும். அன்னிக்குப் பார்க்குறவங்க, "வயசாயிருச்சு"ன்னு சொல்லுவாங்க. வயசாக்குனது அந்தக் கால் சுத்து.

இதோட மண்ணெண்ணெய்க் கதையும் உண்டு. ரேஷன் மண்ணெண்ணெய் டீசலைவிட ரொம்பச் சீப்பா இருந்த காலத்துல அதை டீசல்ல கலக்குற பழக்கம் பல ஊர்ல இருந்துச்சு. ரேஷன் எண்ணெய்க்கு நீலக் கலர் போட்டதே இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். பம்புக்குள்ள இருக்குற பாகங்களுக்கு டீசலோட வழவழப்புதான் மசகு. மண்ணெண்ணெய்ல அது கம்மி. பம்பு உள்ளே தேஞ்சு, அளவு தப்பி, ஒரு சிலிண்டருக்குக் கூடுதலும் இன்னொண்ணுக்குக் குறைச்சலுமாப் போகும். அப்படித் தேஞ்ச பம்பைத்தான் கை மாறி கை மாறி வாங்குனவங்க இன்னிக்குச் சுமக்குறாங்க.

சட்டம் வந்துச்சு, புகை போகல

1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115வது விதி புகைக்கு வரம்பு வச்சுச்சு. டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அளவு. அப்படின்னா என்ன? 43 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்ல புகையை நிரப்பி ஒரு முனையில விளக்கு போட்டா, நூறு பங்கு வெளிச்சத்துல 65 பங்கு வரைக்கும் மறைக்கலாம், அதுக்கு மேல கூடாது. பாரத் ஸ்டேஜ் 4 வண்டியில இருந்து இது 50 ஆச்சு. பழைய ஜீப்புக்கு இன்னமும் 65தான். யோசிச்சுப் பாருங்க, தாராளமான வரம்புதான் இது. ஒழுங்கா இருக்குற பழைய பீஜோ இன்ஜின் இதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா சோதனை எப்படி? வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல வச்சு, ஆக்ஸிலேட்டரைச் சட்டுனு மிதிச்சு விடணும். சில தடவை அப்படிச் செஞ்சு கணக்கு எடுப்பாங்க. பாரம் கிடையாது, ஏத்தம் கிடையாது. கீழே ஊருக்குள்ள ஆள் இல்லாம நிக்குற ஜீப்போட புகைக்கும், 4,000 அடியில பாரத்தோட ஏறுற ஜீப்போட புகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போதாக்குறைக்கு, சோதனைக்குப் போற அன்னிக்கு ஸ்க்ரூவை இறக்கி, மறுநாள் ஏத்திவிடுற சாமர்த்தியமும் உண்டு.

இன்னொரு பக்கம் எண்ணெய் சுத்தமாகிட்டே வந்துச்சு. 1990களோட நடுவுல வரைக்கும் டீசல்ல கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம். பாரத் ஸ்டேஜ் 6 வந்த 2020 ஏப்ரல்ல இருந்து அது பத்து லட்சத்துல 10 பங்கு. அதாவது ஆயிரத்துல ஒரு பங்காக் குறைஞ்சிருச்சு. கண் எரிச்சலும் நெடியும் குறைஞ்சது உண்மை. ஆனா கரும்புகைக்குக் காரணம் கந்தகம் இல்ல, காத்து பத்தாத டீசல். எவ்வளவு நல்ல டீசலை ஊத்தினாலும், அளவுக்கு மேல ஊத்தினா கரிதான்.

புகையோட கலரைப் பார்த்து வைத்தியம்

பழைய ஜீப் வாங்கி வச்சிருக்குற பட்டணத்து நண்பர்களும் இருக்கீங்க. உங்களுக்கும் உதவும்னு வரிசையாச் சொல்றேன். காசு கம்மியானதுல இருந்து ஆரம்பிக்கணும். எடுத்த எடுப்புல 'இன்ஜின் வேலை'ன்னு சொல்ற இடத்துல வண்டியை விடாதீங்க.

கருப்புப் புகை: டீசல் கூடுதல் அல்லது காத்து குறைச்சல். முதல்ல ஏர் கிளீனர். பழைய ஜீப்புல எண்ணெய்க் கிண்ணம் வச்ச மாதிரி இருக்கும். மலை மண்ணு அதுல சேறாப் படிஞ்சு கிடக்கும். கழுவி, கோடு போட்ட அளவு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊத்தணும். அடுத்து டேப்பட் இடைவெளி. அடுத்து நாசிலைக் கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல பார்க்கணும். பனி மாதிரி தூவணும், பீச்சி முடிச்சதும் நுனியில சொட்டு நிக்கக்கூடாது. இதெல்லாம் சரியா இருந்தும் புகைஞ்சா பம்பைக் கழட்டி, கம்பெனி அளவுக்கு டீசலைத் திரும்ப வைக்கணும். "கண்ணளவுல இறக்கி விடுறேன்"னா விட்டுறாதீங்க, பெஞ்ச்ல அளந்துதான் வைக்கணும். நாலு சிலிண்டருக்கும் ஒரே அளவு வரணும்.

வெள்ளைப் புகை: டீசல் எரியாம ஆவியாப் போகுது. காலையில குளிர்ல கொஞ்ச நேரம் வந்து நின்னா ஹீட்டர் பிளக்கைப் பாருங்க, நாலுல ஒண்ணு ரெண்டு செத்திருக்கும். சூடான பிறகும் வந்தா பம்பு டைமிங் பிந்தியிருக்கலாம், இல்ல ஒரு சிலிண்டர்ல அமுக்கம் பத்தாம இருக்கலாம். எந்தச் சிலிண்டர்னு கண்டுபிடிக்க மெக்கானிக் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாத் தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறலையோ அதுதான் சும்மா இருக்குற சிலிண்டர். அந்த நேரம் கையைக் கிட்டே கொண்டு போகாதீங்க. நாசில்ல இருந்து வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிரும், விளையாட்டு இல்ல. டீசல் நெடியே இல்லாத வெள்ளைப் புகையும், ரேடியேட்டர்ல தண்ணி குறையறதும் சேர்ந்து வந்தா ஹெட் கேஸ்கட்டோ ஹெட் விரிசலோதான்.

நீலப் புகை: ஆயில் எரியுது. உடனே ரிங்னு முடிவு கட்டாதீங்க. ஏர் கிளீனர் கிண்ணத்துல ஆயில் அளவுக்கு மேல இருந்தாலும் இன்ஜின் அதை இழுத்து எரிக்கும். இன்ஜின் ஆயில் கோட்டுக்கு மேல நின்னாலும், பிரீதர் குழாய் அடைச்சாலும் இதே புகைதான். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு குப்புனு வந்து நின்னுட்டா வால்வு கைடும் சீலும். ஓடிக்கிட்டே இருக்கும்போதும் வந்து, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா அங்கேயும் புகை அடிச்சா, அப்போதான் ரிங்கும் லைனரும். அது ஒண்ணுதான் நிஜமாவே வயசோட புகை. அதுக்குத்தான் பெரிய செலவு.

பின் பலகையில உட்கார்ந்திருக்குறவங்க

இவ்வளவு நேரம் இன்ஜினைப் பத்திப் பேசியாச்சு. புகை போற இடத்தைப் பத்தியும் பேசணும். கார்ல பின்னால வர்ற உங்களுக்கு அது ரெண்டு வளைவு நேரம். ஜீப்போட பின் பலகையில உட்கார்ந்திருக்குற பொம்பளையாளுங்களுக்கு அது காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், வருஷத்துல வேலையிருக்குற எல்லா நாளும்.

ஜீப்போட பின்பக்கம் திறந்தது. சைலன்சர் வாய் இருக்குறதும் அந்தப் பக்கம்தான். வண்டி முன்னால போகும்போது பின்னால காத்து சுழிச்சு உள்ளே திரும்பும், புகையையும் இழுத்துக்கிட்டு வரும். முந்தானையை மூக்குல பொத்திக்கிட்டு, "டிரைவரு, வாந்தியா வருது, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொல்ற குரலை இந்தப் பக்கம் எல்லாரும் கேட்டிருப்பாங்க. 2012 ஜூன்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாச் சொல்லி முதல் பிரிவுல சேர்த்துச்சு. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்குற அதே பிரிவு. ஏலக்காய் எடுக்கப் போற அம்மாவுக்கு அந்தச் செய்தி வந்து சேரல. வந்தாலும் வேற வண்டி கிடையாது.

அதனாலதான் பழைய வண்டியெல்லாம் உடைச்சிரணும்னு சிலர் சொல்றாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டிகளோட பதிவை நீக்கவும் செஞ்சாங்க. தனியார் வண்டி தகுதிச் சான்று வாங்குனா ஓடலாம். உடைச்சா புகை நிக்குமா? புது வண்டி வாங்கக் கடன் வாங்குற டிரைவர் அந்தக் கடனை அடைக்க இன்னும் ரெண்டு பேரை ஏத்துவார். புது வண்டியில ஸ்க்ரூ இல்லாம இருக்கலாம், பாரம் அதேதான்.

வைத்தியம் பலிக்காம போற இடமும் இதேதான். பம்பை ஒழுங்கா அளந்து கம்பெனி அளவுக்கு வச்சுக் கொடுத்தா ஜீப் புகையில்லாம ஓடும், ஆனா அளவான ஆளோடதான் மலை ஏறும். பழையபடி ஆள் ஏத்துனா இழுக்காது. அடுத்த வாரமே டிரைவர் பம்பு கடையில நிப்பார், கால் சுத்து மறுபடியும் ஏறும். அவரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்? வாடகை தலைக்கு இவ்வளவுன்னு இருக்குற வரைக்கும் புகையும் தலைக்கு இவ்வளவுன்னு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

தோட்டக்காரங்க தலைக்கணக்கை விட்டுட்டு, வண்டிக்கு ஒரு நடைக்கு இவ்வளவுன்னு பேசினா பாதிப் பிரச்சினை தீரும். அஞ்சு ஆளைக் கூட ஏத்துறதுக்குப் பதிலா இன்னொரு ஜீப்புக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். ஏலக்காய் நல்ல விலைக்குப் போற வருஷத்துல அது ஒண்ணும் பெரிய பாரம் இல்ல. புகைச் சோதனை நடத்துறவங்க, நிழல்ல நிக்குற காலி வண்டியை மட்டும் பார்க்காம, பாரத்தோட ஏத்தத்துல வர்ற வண்டியையும் மெட்டு செக்போஸ்ட்ல ஒரு தடவை பார்க்கலாம். பம்புல சீல் இருக்கா இல்லையான்னு பார்க்க மிஷின்கூடத் தேவையில்ல, ஒரு டார்ச் லைட் போதும்.

40 வருஷத்து எம்எம் 540 ஒண்ணு, பம்பு சீல் உடையாம, அளவான ஆளோட, வளைவுல கியரைக் குறைச்சு ஏறும்போது சைலன்சர்ல லேசா ஒரு நிழல் மட்டும் தெரிய மேலே போறதை இன்னிக்கும் போடி ரோட்டுல பார்க்கலாம். கம்மிதான், ஆனா இருக்கு. இன்ஜின் எல்லாம் ஒரே அச்சுல வார்த்ததுதான். அதுக்கு மேல எத்தனை பேரை ஏத்தினாங்க, பம்பை எத்தனை தடவை திருகினாங்கங்கிறதுலதான் வித்தியாசம்.